கொழுப்பை உறைய வைக்கிறது பற்றி மிஸியிட்ட கேளுங்கோ

முதலே சொல்லிப்போடுறன்: நான் டொக்டர் இல்லை. வளைகுடா நாட்டில தோல் கிளினிக் ஒண்டில கொழுப்பை உறைய வைக்கிற மெசினோட கனகாலம் வேலை செய்த தாதி. இப்ப ஊரோட, உவர்மலையில. "ஒரு மணித்தியாலத்தில பத்துக் கிலோ குறையும், வெட்டில்லை, நோவில்லை" எண்ட நோட்டீசை ஆரோ குழுவில போட்ட நாளில இருந்து எனக்கு ஓயாம மெசேஜ் வருது. தனித்தனியா எழுத ஏலாது, இதில கேளுங்கோ.

உப்புவெளி, பெண்: மிஸி அக்கா, தோல் உறையாம உள்ள இருக்கிற கொழுப்பு மட்டும் எப்பிடி உறையும்? நம்பவே ஏலாம இருக்கு.

நல்ல கேள்வி. நுவரெலியாவுக்குத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கொண்டு போனவைக்கு இது விளங்கும். காலமை பார்த்தா எண்ணெய் இறுகியிருக்கும், பக்கத்துப் போத்தல் தண்ணி தண்ணியாவே இருக்கும். எங்கட உடம்பிலயும் அப்பிடித்தான். கொழுப்புக் கலத்துக்கு உள்ளயிருக்கிற கொழுப்பு, தண்ணி உறையிற அளவுக்குக் குளிர் வர முன்னமே பளிங்காகும். தோல், நரம்பு, தசை எல்லாத்திலயும் தண்ணிதான் கூட. குளிரைச் சரியான அளவில பிடிச்சு வைச்சா கொழுப்புக் கலம் அடிபடும், மற்றது தப்பும்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச கதையும் வடிவான கதை. ஐஸ்பழத்தைக் கன நேரம் சூப்பின குழந்தையின்ர கன்னத்தில கொழுப்பு அழற்சி வந்ததை 1970இல டொக்டர்மார் எழுதிவைச்சவை. கடுங்குளிரில குதிரை ஓடின பொம்பிளையளின்ர தொடையிலயும் இதே மாதிரிக் கண்டிருக்கினம். அதைப் பிடிச்சுக்கொண்டு அமெரிக்காவில மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில டீட்டர் மான்ஸ்டைன், ரொக்ஸ் அன்டர்சன் எண்ட ரெண்டு டொக்டர்மார் பண்டியில செய்து பார்த்து 2008இல வெளியிட்டவை. 2010இல அமெரிக்க மருந்து நிர்வாகம் இடுப்புப் பக்கச் சதைக்கு அனுமதி குடுத்தது, பிறகு வயிறு, தொடை, நாடிக்குக் கீழ எண்டு ஒவ்வொண்டாக் கூடினது. கூல்ஸ்கல்ப்டிங் எண்டு கேள்விப்படுறது அந்த மெசினைத்தான்.

செய்யிற விதம்: தோலுக்கு மேல ஜெல் ஊறின துணி ஒண்டு விரிக்கிறது. அதுக்கு மேல கப்பை வைச்சா அது சதையை உறிஞ்சி இழுத்து ரெண்டு பக்கத்தாலயும் குளிராக்கும். புது மொடல் கப் மைனஸ் 11 பாகையில 35 நிமிசம், பழசு ஒரு மணித்தியாலம். முதல் பத்து நிமிசம் இழுக்கும், கொட்டும், எரியும். பிறகு மரத்துப்போய் ஆக்கள் போன் பார்த்துக்கொண்டு கிடப்பினம். கப்பைக் கழட்டினா சதை கப்பின்ர வடிவத்திலயே இறுகிச் சிவந்து நிக்கும். அதை ரெண்டு நிமிசம் கையால நல்லாப் பிசைஞ்சு விடவேணும். ஆக்கள் கத்துறது அந்த ரெண்டு நிமிசத்திலதான்.

அண்டைக்கே ஒண்டும் குறையாது. அடிபட்ட கலங்கள் தானாச் சாகும், உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமா அள்ளி எடுக்கும். ரெண்டு மூண்டு மாசம் போகவேணும். ஒருக்காச் செய்தா அந்த இடத்துக் கொழுப்பின்ர தடிப்பில சராசரி 20இல இருந்து 25 வீதம் குறையும். அவ்வளவுதான்.

தம்பலகாமம், பெண்: எத்தனை கிலோ குறையும் அக்கா?

கிலோவே இல்லை. தராசு அசையாது. இது மெலியிற வைத்தியமில்லை. ஏற்கெனவே ஓரளவு சரியான நிறையில இருந்துகொண்டு, நடந்தும் சாப்பாட்டைக் குறைச்சும் போகாத ஒரு கைப்பிடிச் சதைக்கானது. வயிறு, இடுப்பு, தொடைக்கு அனுமதி குடுத்ததே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த நிறையோ எண்டு பார்க்கிற கணக்கு) 30க்கு மேல போகாத ஆக்களுக்குத்தான்.

கிண்ணியா, பெண்: ராத்தா, மூணு பிள்ளையும் சிசேரியன். வயிறு முன்னால தொங்குது. இது சரிவருமா?

தங்கச்சி, தொங்கிற வயிறு எண்டா மூண்டு சாமான் இருக்கலாம்: கொழுப்பு, தளர்ந்த தோல், விலகின தசை. மெசின் முதலாவதை மட்டும்தான் தொடும். தோல் தளர்ந்திருந்தா கொழுப்புக் குறைய இன்னும் தொங்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடிச்சு, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கோ. தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுவில விரலை வைச்சுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு விரல் உள்ள இறங்கினா தசை விலகியிருக்கு, அதுக்குப் பயிற்சிதான் வேணும். ஆஸ்பத்திரியில பிசியோதெரபிக்கு எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கோ. இருமேக்கை வெட்டின இடத்தில மொளி மாதிரித் தள்ளினா குடலிறக்கமாக இருக்கும். அதுக்கு மேல உறிஞ்சிற கப்பை வைக்கவே கூடாது, முதல்ல சத்திரசிகிச்சை டொக்டரைப் பாருங்கோ. பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கையும் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

சீனன்குடா, ஆண்: எனக்கு வண்டி மட்டும்தான், கை கால் மெல்லிசு. வண்டி கல்லு மாதிரி.

கிள்ளிப் பாருங்கோ தம்பி. கிள்ள வராட்டி கப்புக்கும் வராது. உங்கடது தோலுக்குக் கீழ இல்லை, குடலைச் சுத்தி உள்ள இருக்கிற கொழுப்பு. எந்தக் குளிரும் அங்க போகாது. இடுப்பை அளவுநாடாவால அளவுங்கோ: எங்கட ஆக்களில ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80 தாண்டினா சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் மூண்டையும் பார்க்கவேணும். காசை மெசினுக்குக் குடுக்காதேங்கோ. உள்ளக் கொழுப்புத்தான் நடைக்கும் சோத்தளவுக்கும் முதல்ல கரையிறது.

நிலாவெளி: விலை என்ன?

கப் கணக்கு. வயிறு எண்டா ஒரு கப் காணாது. "ஒரு விலை" எண்டு சொன்னா எத்தனை கப் எண்டு கேளுங்கோ.

மூதூர்: கரைஞ்ச கொழுப்பு இரத்தத்தில கலந்து கொலஸ்ட்ரோல் கூடாதா?

செய்த ஆக்களுக்கு இரத்தக் கொழுப்பும் ஈரல் சோதனையும் எடுத்துப் பார்த்திருக்கினம், சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அவ்வளவு ஆறுதலாத்தான் அது வெளியேறுது.

பாலையூற்று: வீட்டில ஐஸ் பையை வைச்சுக் கட்டினா?

கட்டினா தோல் வேகும். குளிரும் சுடும், நெருப்பு மட்டுமில்லை. பைக்கு எங்க நிப்பாட்டிறதெண்டு தெரியாது. ஜெல் துணி இல்லாம எந்தக் குளிரையும் தோலில வைக்க விடாதேங்கோ, வீட்டிலயும் சரி, கடையிலயும் சரி.

அழகுநிலையம் நடத்திற ஒரு சகோதரி: மிஸி, எங்கட பிழைப்பில மண் போடாதேங்கோ. என்ர மெசினும் மைனஸ் 10 காட்டுது, கப்பும் அதேதான். டொக்டர்மார் எடுக்கிறதில மூண்டிலொரு பங்குதான் நான் எடுக்கிறன்.

பிழைப்பு எனக்கும் விளங்கும். ஆனா மைனஸ் 10 எண்டு காட்டுறது வேற, தோலில மைனஸ் 10 இருக்கிறது வேற. நல்ல மெசின் தோல் உறையத் தொடங்கினா தானே கண்டுபிடிச்சு நிக்கும். உங்கட நிக்குமோ?

குளிரூட்டி திருத்திற ஒரு அண்ணன்: இதில நான் ஒருக்கா வாய் வைக்கலாமோ? நம்பர் காட்டுறது சென்சர் இருக்கிற இடத்தின்ர குளிரைத்தான். சென்சர் தட்டுக்குப் பின்னால, ஒரு மூலையில ஒட்டியிருந்தா முன்பக்கம் என்னெண்டு அதுக்குத் தெரியாது. இந்த மெசினில கொம்பிரசர் இல்லை, பெல்டியர் தட்டு. ஒரு பக்கம் குளிர மற்றப் பக்கம் கொதிக்கும், அந்தச் சூட்டைத் தண்ணி சுத்தி எடுக்கவேணும். தண்ணி குறைஞ்சா, பம்ப் நிண்டா எல்லாம் மாறிப்போகும்.

இதைத்தான் நான் வாயால சொல்லத் தெரியாம நிண்டனான். நன்றி அண்ணை.

அழகுநிலையச் சகோதரி: மெசினோட சேட்டிபிக்கற் தந்தவங்கள்.

ஆர் தந்தது? வித்தவன். இலங்கையில மருத்துவக் கருவி எண்டா 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில பதிவு இருக்கவேணும். அந்தக் கடதாசியைக் காட்டுங்கோ, நான் வாயை மூடுறன்.

அழகுநிலையச் சகோதரி: சரி, அப்ப லிண்டா எவஞ்சலிஸ்டாவுக்கு நடந்தது சலூனிலயோ? நல்ல மெசின்தானே?

இது நியாயமான கேள்வி, மழுப்பேல்லை. அந்த அம்மா பெரிய மொடல். கொழுப்புக் குறைய வேண்டிய இடத்தில கூடிப்போச்செண்டு 2021இல வெளிப்படையாச் சொன்னா, வழக்கும் போட்டா, 2022இல சமரசமா முடிஞ்சது. சாக வேண்டிய கொழுப்பு சாகாம, மாசக்கணக்கில வளர்ந்து கட்டியா, கப்பின்ர அச்சிலயே தள்ளிக்கொண்டு நிக்கும். 2014இலதான் முதல் ஆளைப் பற்றி எழுதினவை. பொம்பிளையளைவிட ஆம்பிளையளுக்கு வாற வீதம் அதிகம், ஏனெண்டு சரியா விளங்கேல்லை. மெசின் கொம்பனி முதல்ல 20,000இல ஒண்டு எண்டது, பிறகு 3,000 கப்புக்கு ஒண்டு மட்டில வந்து நிண்டது. சில கிளினிக்குகளின்ர சொந்தக் கணக்கு அதைவிடக் கூட. தானாக் கரையாது. இறுக்கம் இளகும் வரை சில மாசம் பொறுத்து, பிறகு கொழுப்பு உறிஞ்சிற சத்திரசிகிச்சைதான். கத்தி வேண்டாமெண்டு வந்த ஆள் கடைசியில கத்திக்குத்தான் போகவேணும்.

ஆனபடியா நல்ல மெசினிலயும் இது வரும், டொக்டரிட்டயும் வரும். அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா தோல் வெந்து கறுக்கிறது வேற விசயம், அது கவனமா இருந்தாத் தடுக்கக்கூடியது. ரெண்டையும் ஒரே சாக்கில போடாதேங்கோ. செய்ய முன்னம் இந்தக் கட்டி வளருற விசயத்தை ஆர் உங்களுக்கு வாய் திறந்து சொல்லுகினமோ, அவையிட்டப் போங்கோ. சகோதரி, நீங்கள் உங்கட ஆக்களுக்குச் சொல்லுறனீங்களோ?

குளிரூட்டி அண்ணன்: தங்கச்சி, நான் வந்து சும்மா பார்த்துத் தரட்டோ? ரெண்டு தேர்மோமீற்றர் வைச்சாக் காணும்.

அழகுநிலையச் சகோதரி: ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ஆனா படமெடுத்துக் குழுவில போடக்கூடாது.

நல்லது. குளிர் சரியெண்டாலும் பதிவு இல்லாட்டி நான் சம்மதிக்க மாட்டன், அதையும் எழுதிவைக்கிறன்.

ஆனந்தபுரி: எத்தனை கிலோ குறையும் மிஸி?

மேல பாருங்கோ.

கிண்ணியா, ஆண்: ஐஸ் தண்ணி பட்டா எனக்குத் தோல் தடிச்சு அரிக்கும். பரவாயில்லையா?

பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாது. குளிருக்குத் தடிக்கிற ஆக்கள், குளிரில விரல் வெளிறி நீலமாகிற ஆக்கள் டொக்டரைக் கேக்காமச் செய்யக்கூடாது. குளிர் பட்டா இரத்தத்தில புரதம் உறையிற, சிவப்பணு உடையிற அபூர்வ வருத்தங்கள் இருக்கு, அதுகள் இருக்கிறவை செய்யவே கூடாது. சீனி வருத்தத்தால கால் கை மரத்த ஆக்களும் சேர்த்தி. சுடுறது தெரியாட்டிச் சொல்ல ஏலாதுதானே.

பெயர் வேண்டாம், 19 வயது: நெஞ்சு பொம்பிளைப் பிள்ளை மாதிரி இருக்கு. கடலில சேட்டைக் கழட்ட வெக்கம்.

தம்பி, இது கனபேருக்கு இருக்கு, வெளியில சொல்லுறதில்லை. அதில கொழுப்பும் இருக்கலாம், மார்புச் சுரப்பியும் இருக்கலாம். முலைக்காம்புக்குப் பின்னால இறப்பர் மாதிரித் தட்டையா ஒரு கட்டி தட்டுப்பட்டா அது சுரப்பி, குளிருக்குப் போகாது. இளவயதில வந்தது கனபேருக்குத் தானாப் போகும். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ. ஜிம்மில ஊசி, பவுடர் ஏதும் எடுத்தா அதையும் ஒளிக்காமச் சொல்லுங்கோ.

சாம்பல்தீவு: கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சாலும் கொழுப்புக் கரையுமெண்டு அம்மம்மா சொல்லுறா.

அம்மம்மாவோட போய்க் குளியுங்கோ. உடம்புக்குச் சுகம். கொழுப்பு அப்பிடியே இருக்கும்.

வெளி ஊர்: கொழுப்புக் கரைக்கிற ஊசி ஒன்லைனில வாங்கலாமோ?

வேண்டாம். நாடிக்குக் கீழ போடுற ஒரு ஊசிக்கு 2015இல அமெரிக்காவில அனுமதி குடுத்தவை, அது டொக்டர் போடுறது. பார்சலில வாற போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது.

மட்டிக்கழி, பெண்: எத்தனை கிலோ...

அம்மா தாயே.

உப்புவெளி, இன்னொருவர்: கொழும்பில செய்து எட்டு நாள். வீக்கம், தொட்டா உணர்ச்சியில்லை, இரவில குத்துது. பயமா இருக்கு.

மரப்பு சில கிழமை நிக்கும், வீக்கமும் கண்டலும் வரும். ஒரு கிழமை மட்டில திடீரெண்டு குத்திறதும் சிலருக்கு வாறது, பிறகு தணியும். இரவில நித்திரை இல்லாட்டிச் செய்த இடத்துக்கே போன் எடுங்கோ, மருந்து இருக்கு. ஆனா கொப்புளம், வெள்ளையா இறுகின தோல், கறுப்பு, சீழ், காய்ச்சல் இதில ஒண்டு கண்டாலும் இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ, நாளைக்கெண்டு இருக்காதேங்கோ. சுடுதண்ணிப் பை வைக்க வேண்டாம். மரத்த தோல் சூட்டையும் சொல்லாது. அந்த இடத்தை இப்ப ஒரு படம் எடுத்து வையுங்கோ, அதே வெளிச்சத்தில மாசம் ஒருக்கா எடுங்கோ. மூண்டு மாசத்துக்குப் பிறகு கரையிறதுக்குப் பதில் இறுகித் தள்ளிக்கொண்டு வந்தா அந்தப் படங்களோட டொக்டரிட்டப் போகலாம்.