இணைய இணைப்பு இல்லாமல் பிளேஸ்டேஷனில் விளையாட முடியுமா?

தாராளமாக முடியும். மும்பைக்குப் புதிதாக வந்திருப்பதாகவும், வாடகை அறையில் பிராட்பேண்ட் இல்லை என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக ஆசையைக் கைவிட வேண்டாம். தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால் இருக்கும் என் அக்கா வீட்டிலும் பிராட்பேண்ட் கிடையாது. அக்கா மகன்கள் இருவரும் நான் அமைத்துக் கொடுத்த பிஎஸ்4-இல்தான் (சோனியின் வீடியோ விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனின் நான்காம் தலைமுறை; அடுத்தது பிஎஸ்5) மழைக்கால விடுமுறைகளையெல்லாம் கழிக்கிறார்கள்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: டிஸ்க் போட்டு விளையாடும் கருவியையே வாங்குங்கள். பிஎஸ்4 டிஸ்க் ஒன்றில் 50 ஜிபி வரையும், பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரையும் கொள்ளும். விளையாட்டு முழுவதும் அதிலேயே இருந்தால், கருவி அதைத் தன் நினைவகத்தில் நகலெடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும், இணையத்தைத் தேடாது. பிஎஸ்5-இன் டிஜிட்டல் எடிஷனில் இந்த வசதி இல்லை, எல்லாவற்றையும் பதிவிறக்கித்தான் ஆக வேண்டும். 2023 இறுதியில் வந்த மெலிந்த பிஎஸ்5-க்கு டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் பொருத்தியதும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் முதன்முறை இயக்கும்போது இணையம் கேட்கும். இவற்றுக்கெல்லாம் கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதும்.

டிஜிட்டலாக வாங்கிய விளையாட்டுகளும் உங்களிடம் இருந்தால், இணையம் கிடைக்கும் நாளில் அந்தக் கருவியை உங்கள் கணக்கின் முதன்மைக் கருவியாகப் பதிந்துவிடுங்கள். பிஎஸ்5-இல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்ற அமைப்பு அதற்காகவே இருக்கிறது. அதன் பிறகு இணைப்பு இல்லாமலே அவை திறக்கும்.

டிஸ்க் கையில் இருந்தும் விளையாட முடியாத நிலை ஒன்று உண்டு. சில விளையாட்டுகள் தனியாக ஆடும்போதும் நிறுவனத்தின் சர்வரை நாடுகின்றன. கார் பந்தய விளையாட்டான கிரான் டூரிஸ்மோ 7-இன் பெரும்பகுதி அப்படித்தான். யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ விளையாட்டின் சர்வர்களை மூடியபோது, கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களின் டிஸ்க்குகளும் பயனற்றுப் போயின. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. விற்ற பொருளை விற்றவரே முடக்குவது எந்த வணிகத்திலும் நியாயமாகாது. 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேசியாக வேண்டும் என்று அறிவித்தது. விளையாடுபவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஜூன் 19 அன்று நிறுவனம் அந்த விதியைக் கைவிட்டது. உங்கள் கேள்விக்கு இன்று 'முடியும்' என்று நான் பதில் எழுதுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். ஆகவே ஒரு விளையாட்டை வாங்குமுன் அதன் உறையைத் திருப்பி, இணைய இணைப்பு தேவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.

கருவியின் மென்பொருள் அப்டேட்டை பென் டிரைவ் வழியாகவும் செய்யலாம். சோனி தளத்தில் கோப்பு இலவசம். எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் வைக்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் கருவி கண்டுகொள்ளாது. பழைய பிஎஸ்4 வாங்கினால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு பட்டன் பேட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்தால், சோனியின் வலைப்பின்னலில் இணையும்வரை டிஸ்க் விளையாட்டுகளும் திறக்க மறுக்கும் கோளாறு முன்பு இருந்தது. 2021-இல் வந்த 9.00 அப்டேட்தான் அதைத் தீர்த்தது. இணையமே இல்லாத வீட்டுக்கு இதைவிட முக்கியமான அப்டேட் இல்லை.

விளையாடிச் சேர்த்த நிலைகளையும் காப்பாற்றுங்கள். பிஎஸ்4-இல் அவற்றை பென் டிரைவில் நகலெடுக்கலாம். பிஎஸ்5 விளையாட்டுகளுக்கு அந்த வழி இல்லை. கட்டணச் சந்தா இருந்தால் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைக்கலாம். இணையம் இல்லாதவர்களுக்கு நான் இன்றும் பிஎஸ்4-ஐப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகம் தெரியாத எதிராளியோடு மோத முடியாதே என்று வருந்த வேண்டாம். அக்கா வீட்டில் பக்கத்து வீட்டுப் பையன்களும் வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கண்ட்ரோலர் வரிசையாகக் கைமாறும். டிஸ்க்குகளும் அந்தச் சந்து முழுக்கக் கைமாறும். டிஜிட்டல் விளையாட்டை இப்படி இரவல் கொடுக்கவும் முடியாது, ஆடி முடித்தபின் விற்கவும் முடியாது.

மின்னணுக் கடைகள் நிறைந்த லாமிங்டன் சாலைப் பக்கம் பழைய பிஎஸ்4 தேடிப் போனால், ஏதாவது ஒரு டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரின் வைஃபையைத் துண்டிக்கச் சொல்லி, அந்த டிஸ்க்கைப் போட்டு விளையாட்டு திறக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் மென்பொருள் பதிப்பு 9.00-க்குக் குறையாமல் இருக்கிறதா, முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.