நான்கு தகுதி, ஒரு வருமானம்: எதற்கு முதலில் பணம் போடுவது?

கேள்வி: எனக்கு 41 வயது. 15 ஆண்டுகளாக வழக்கறிஞர். பெரும்பாலும் நிறுவனப் பங்குதாரர்களுக்கு இடையேயான வழக்குகள். இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் சட்டப் பிரச்சினையே இல்லை என்று தோன்றிவிட்டது. சமரசர் பயிற்சி (இரு தரப்பையும் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டுவருவது), உளப்பகுப்பாய்வுப் பயிற்சி (ஆழ்மனதைப் பேச்சு வழியே ஆராயும் சிகிச்சை), நிறுவன நடத்தையியலில் (நிறுவனத்துக்குள் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிய படிப்பு) முதுகலை என மூன்றையும் முடித்து, எல்லாம் சேர்ந்த ஒரு தொழில் நடத்த ஆசை. கையில் 30 மாதக் குடும்பச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. ஓய்வுக்கால நிதி தனி. கணவருக்கு மாதச் சம்பளம். மகள் பள்ளியில் படிக்கிறாள். வழக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, சேமிப்பும் கொஞ்சம் கல்விக் கடனுமாகச் சமாளிக்கலாமா? இந்த நான்கில் எது பணம் தரும்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குச் சட்டம்தான் பணம் தரும். அதை நிறுத்தாதீர்கள்.

நான்கு தகுதி இருந்தால் நான்கு வழியில் பணம் வரும் என்ற எண்ணத்தில் கணக்குப் போடுகிறீர்கள். அப்படி வராது. ஒரே ஆளிடம் இரண்டு வேடத்தில் கட்டணம் வாங்க முடியாத தொழில்கள் இவை. ஒரு பங்குதாரருக்கு வழக்கறிஞராக இருந்தால், அதே தகராறில் நீங்கள் சமரசராக உட்கார முடியாது. சமரசராக உட்கார்ந்துவிட்டால், அந்த விவகாரத்தில் பிறகு எந்தத் தரப்புக்கும் வாதாட முடியாது. ஒரு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போனால், அங்குள்ள மேலாளரைத் தனியாகப் பகுப்பாய்வுக்கு எடுக்கக் கூடாது. புது வேடம் ஒவ்வொன்றும் பழைய கட்சிக்காரர்களில் சிலரைக் கழித்துவிடும். இதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பங்குதாரர் பிளவு, குடும்பத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவது என்று ஏதாவது ஒரு வகைச் சிக்கலுக்கு உங்களைத் தேடி வருவார்கள்; கூடுதல் கட்டணமும் தருவார்கள். ஆனால் அதுவும் ஒரு வருமானம்தான், நான்கு அல்ல.

இனி செலவு. இங்கே பெரிய பூதம் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி. 1920-ல் பெர்லினில் உளப்பகுப்பாய்வாளர் மாக்ஸ் ஐட்டிங்கனும் அவருடைய சகாக்களும் தொடங்கிய மருத்துவமனையை ஒட்டி உருவான முறைதான் இன்றும் பல பயிற்சி நிலையங்களில் நடக்கிறது: பயிற்சி பெறுபவர் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும், பாடம் படிக்க வேண்டும், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். முதலாவதற்கு வாரம் 3 முதல் 5 அமர்வு, பல ஆண்டுகள். கல்லூரிக் கட்டணம் என்று நீங்கள் ஒதுக்கும் தொகை இதில் சின்னப் பகுதி.

பணத் தொகையை விட்டுவிட்டு உங்கள் வேலை மணியிலேயே கணக்குப் பார்ப்போம். வாரம் 4 அமர்வு, ஆண்டுக்கு 44 வாரம் என்றால் 176 அமர்வு. போக வர நேரம் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரை மணி வைத்தால் 264 மணி. ஓர் அமர்வின் கட்டணம் உங்கள் ஒரு மணி நேரக் கட்டணத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால், இன்னொரு 88 மணி உழைப்பு. மொத்தம் 352 மணி. ஆண்டுக்கு 1,200 மணி கட்டணம் வாங்கும்படி உழைப்பவருக்கு இது சுமார் 29 சதவீதம். வகுப்பும் மேற்பார்வைக் கட்டணமும் இதில் சேரவில்லை. பயிற்சிக் காலத்தில் பார்க்கும் நோயாளிகளிடம் பெரும்பாலும் குறைந்த கட்டணமே வாங்க முடியும். அதிகாலையிலோ நீதிமன்ற நேரத்துக்குப் பிறகோ அமர்வு கிடைத்தால் இழப்பு குறையும். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் வருமானத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. வாரம் 4 முறை வருபவர்களை மட்டும் பார்த்தால் 8 பேரிலேயே 32 மணி நிறைந்துவிடும். ஒருவர் நின்றால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. கடன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்: தவணை குறித்த தேதியில் வந்து நிற்கும், வருமானம் மெதுவாகத்தான் ஏறும்.

வழக்கறிஞர் இந்தப் பக்கம் வருவது புதிதல்ல. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் நெருங்கிய வட்டத்தில் இருந்த ஹான்ஸ் சாக்ஸ் சட்டம் படித்தவர். பெர்லினில் பயிற்சி பெறுவோரைப் பகுப்பாய்வு செய்தவரும் அவரே. நிறுவனப் பக்கம் எலியட் ஜாக்ஸ் இருக்கிறார். உளப்பகுப்பாய்வாளரான அவர் லண்டன் கிளேசியர் மெட்டல் தொழிற்சாலையோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். நடுவயது நெருக்கடி என்ற பேச்சை 1965-ல் ஒரு கட்டுரையில் தொடங்கிவைத்தவரும் அவர்தான். (உங்கள் வயதைப் பார்த்து இதைச் சொல்லவில்லை.) ஜாக்ஸ் போன்றவரின் வேலைதான் உங்கள் ஆசை என்றால், தினமும் நோயாளிகளோடு உட்காரும் முழுப் பயிற்சி உங்களுக்குத் தேவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் மரபில் வந்த குழு உறவுப் பயிற்சிகள் சில நாட்களில் முடிபவை. நிறுவனத்துக்குள் பயம், போட்டி, பழிபோடல் எப்படி ஓடுகின்றன என்று உள்ளிருந்து காட்டும். முதுகலைக்கு முன் அதில் ஒன்றில் கலந்துகொள்வது மலிவான சோதனை.

சமரசர் பயிற்சி குறுகியது, செலவும் குறைவு. இந்த ஆண்டே முடித்துவிடுங்கள். சிக்கல் பயிற்சியில் இல்லை, வழக்கு கிடைப்பதில்தான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் நிறைய, தொடர்ந்து அழைக்கப்படுபவர்கள் கொஞ்சம். சமரசரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இரு தரப்பு வழக்கறிஞர்கள். 15 ஆண்டுகளாக எதிர்த்தரப்பில் நின்று உங்களைப் பார்த்தவர்கள்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள், நீதிமன்றத்தை விட்டுப் போகாதவரை. அப்புறம், தீர்வு வந்தால்தான் கட்டணம் என்று ஒருபோதும் பேசாதீர்கள். நடுநிலை அங்கேயே போய்விடும். மணிக்கணக்கோ நாள் கணக்கோ போதும்.

சேமிப்புக்கு வருவோம். 30 மாதத்தில் 12 மாதத்தைப் பூட்டிவிடுங்கள். கணவரின் சம்பளம் இருந்தாலும் சரி. மீதி 18 மாதம்தான் பயிற்சிப் பணம். ஓய்வுக்கால முதலீட்டை நிறுத்த வேண்டாம். ஓர் ஆண்டில் போடும் தொகையை ஒரு பங்கு என்று வைத்து, 7 ஆண்டு போடாமல் விட்டால், 7 சதவீத வளர்ச்சிக் கணக்கில் 65 வயதில் அது சுமார் 27 பங்கு குறைவு. விலைவாசி அதில் ஒரு பகுதியைத் தின்னும் என்றாலும் துளை பெரியதுதான்.

முதல் ஆண்டு: வழக்கை நான்கில் மூன்று பங்காகக் குறையுங்கள், சமரசர் பயிற்சியை முடியுங்கள், உளப்பகுப்பாய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்காமல் உங்கள் சொந்தப் பகுப்பாய்வை மட்டும் தொடங்குங்கள். சேரப்போகும் பயிற்சி நிலையம் உங்களைப் பகுப்பாய்வு செய்பவரை ஏற்குமா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஆளை மாற்றி மறுபடி செலவு செய்ய நேரும். ஓர் ஆண்டில் நோயாளிகளோடு வாழ்நாள் முழுக்க உட்கார விருப்பம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் மிச்சமாகும் பணத்தை முதுகலைக்குத் திருப்புங்கள்.

இரண்டு தொலைபேசி அழைப்புகள் பாக்கி. உங்கள் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வழக்கறிஞர் வேலைக்கு மட்டுமா, சமரசத்துக்கும் பகுப்பாய்வுக்கும் சேர்த்தா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிவுபெற்ற வழக்கறிஞர் வேறு தொழிலோ வேலையோ செய்யச் சில நாடுகளில் தடை உண்டு. உங்கள் வழக்கறிஞர் மன்ற விதி என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகு முதல் கட்டணத்தைக் கட்டுங்கள்.