கோணல் வீடு ஏன் விழவில்லை?

கேள்வி: இங்கிலாந்தின் செஷயரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் படத்தைப் பார்த்தேன். இன்றோ நாளையோ சரிந்துவிடும் போலிருக்கிறதே?

பதில்: 1500களின் தொடக்கத்தில் எழத் தொடங்கிய வீடு அது, இன்னும் நிற்கிறது. கோணலுக்கு முதல் காரணம் பச்சை ஓக், அதாவது வெட்டி இன்னும் ஈரம் காயாத ஓக் மரம். காய்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. அதனால் ஈரம் வற்றுமுன்பே செதுக்கிப் பூட்டிவிடுவார்கள். வீடு நின்ற பிறகுதான் சட்டங்கள் காயும், சுருங்கும், முறுகும். அடுத்த காரணம் பாரம். தெற்குப் பகுதியின் உச்சியில் ஏறத்தாழ 68 அடி நீளக் கூடத்தை ஏற்றி, கூரையில் கனத்த மணற்கல் பலகைகளையும் அடுக்கினார்கள். கீழே உள்ளவை வளையாமல் என்ன செய்யும்?

விழாததற்குக் காரணம் மூட்டு. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோல் மெலிதாகச் செதுக்குவார்கள், அதுதான் கழுந்து. அதை அடுத்த சட்டத்தின் துளையில் செருகி, குறுக்கே ஓக் முளை (மர ஆணி) அடிப்பார்கள். முளைக்கான ஓட்டைகள் நேருக்கு நேர் இருக்காது. கழுந்தில் உள்ளது மட்டும் தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் அடிப்பக்கமாக, 2, 3 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். முளை இறங்க இறங்க மூட்டு தானே இழுபட்டு இறுகும். அப்படிப்பட்ட மூட்டு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், கழலாது.

கேள்வி: சஃபோக்கில் நாங்கள் வாங்கிய மரச்சட்டக வீட்டில் மண்பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா?

பதில்: கூடவே கூடாது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். அதில் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கும். முதலில் மக்குவது பெரும்பாலும் அடிச்சட்டமும் அதில் நிற்கும் கால்களின் கழுந்துகளும். ஈரத்தில் பூஞ்சை வந்த ஓக்கைத்தான் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டும் தேடி வரும்.

உதிர்ந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்தால் அதே மண் மறுபடி உதவும். வரிச்சை (மண்ணைத் தாங்கும் குச்சிப் பின்னலை) நனைத்து, இருபுறமும் ஒரே நேரத்தில் அழுத்திப் பூசுங்கள். இரு பக்க மண்ணும் வரிச்சின் இடுக்கில் சந்திக்க வேண்டும். காய்ந்ததும் ஓரங்களில் இடைவெளி விடும். அது கோளாறல்ல, முடி கலந்த சுண்ணாம்புக் காரையால் அடையுங்கள். கடைசியாக நீர்த்த சுண்ணாம்பு, மெல்லிசாக நாலைந்து கை.

வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் முன் அனுமதி வேண்டும். மீறுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர்தான் பழைய வழக்கமா?

பதில்: பல வீடுகளில் அது விக்டோரியா காலத்து மோகம். பூசாமல் விட்ட ஓக் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.