ஊரே கைதட்டுகிறது, வீடு மட்டும் நம்பவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 34 வயது. கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறேன். நாலு வருஷம் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு திரிந்தவன். விட்டு 14 மாதம் ஆகிறது, ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இன்னொருத்தன் கெடக்கூடாது என்று பள்ளி, கல்லூரிகளில் பேசுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கமும் கூப்பிடுகிறார்கள், தெரிந்த மலையாளத்தில் பேசிவிட்டு வருவேன். போதை ஒழிப்பு தினமான ஜூன் 26 அன்று மட்டும் மூன்று இடம். ஊசி போட்டதை விவரமாகச் சொன்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். சால்வை போர்த்துகிறார்கள். வீட்டில்தான் மரியாதை இல்லை. என் மனைவி ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவள் தாலிச் செயினை அடகு வைத்து மாத்திரை வாங்கியதைச் சொல்லும்போது கூட்டமே கண்கலங்குகிறது, அவளுக்கு மட்டும் பிடிக்கவில்லையாம். ராத்திரி எழுந்து உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள், சந்தேகம். ஜீப் வசூலை அண்ணன் என் கண்ணெதிரே இரண்டு தடவை எண்ணுகிறார். ஊர் சிரிக்கிறது என்கிறார் மாமனார். 14 மாதம் சுத்தமாக இருப்பவனிடம் ஏன் எண்ண வேண்டும்?

கூட்டங்களில் என்னை ‘மருந்தே இல்லாமல் மன உறுதியால் மீண்டவர்’ என்று அறிமுகம் செய்கிறார்கள். அது பொய்யாகக் கூடாது என்று, பழக்கத்தை விட மருத்துவர் கொடுத்த, தினமும் நாக்குக்கு அடியில் வைக்கும் 2 மில்லிகிராம் புப்ரெனார்பின் மாத்திரை மூன்றையும் ஒரே வாரத்தில் குறைத்து நிறுத்திவிட்டேன், 19 நாளாகிறது. வீட்டில் சொல்லவில்லை. தூக்கம் இல்லை, கொட்டாவி, கால் குடைச்சல், பேசிய நாள் ராத்திரி முழங்கை மடிப்பில் ஊறல். அலைச்சலாக இருக்கும், அதை விடுங்கள். இவர்கள் மனசை மாற்ற வழி சொல்லுங்கள்.

கம்பம் வாசகர்

அன்புத் தம்பிக்கு,

‘அதை விடுங்கள்’ என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அண்ணன் எண்ணுவது, மாமனார் பேசுவது எல்லாம் அப்புறம்.

இது அலைச்சல் மாதிரித் தெரியவில்லை, தம்பி. புப்ரெனார்பின் உடம்பை விட்டு மெதுவாக இறங்கும். அதனால் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் தொல்லை ஆரம்பித்து வாரக்கணக்கில் இழுக்கும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, கால் குடைச்சல், தூக்கமின்மை எல்லாம் அதன் அடையாளங்கள். நாளுக்கு 6 மில்லிகிராமை மருத்துவர் இறக்கினால் மாதக்கணக்கில் இறக்குவார். ஒரு படியில் உடம்பு நிலைத்த பிறகுதான் அடுத்த படி. கடைசி 2 மில்லிகிராமுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். மாத்திரை இருந்தவரை உங்கள் உடம்புக்கு, பழைய வலி மாத்திரையும் அடங்கிய இந்த வகை மருந்தைத் தாங்கும் பழக்கம் இருந்தது. இந்த 19 நாளில் அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மனசுக்கு மட்டும் பழைய அளவு மறக்காது. தூங்காத ஒரு ராத்திரியில் அந்த அளவை ஏற்றினால் மூச்சு நிற்கும். விட்டவர்கள் மறுபடி தொட்ட முதல் தடவையிலேயே இறந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

நாளைக்கே பழைய மருத்துவரிடம் போங்கள். நிறுத்திய தேதியை மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் வலி மாத்திரையோ ஊசியோ தொட்டிருந்தால் எது, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்ல வேண்டும். அது உடம்பில் இருக்கும்போது புப்ரெனார்பின் வைத்தால், அதை இடத்தைவிட்டுத் தள்ளிவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் மிகக் கடுமையான தொல்லையைக் கிளப்பிவிடும். மீதி மாத்திரை வீட்டில் இருந்தாலும் நீங்களாக எடுக்காதீர்கள். தூக்கத்துக்கு என்று தூக்க மாத்திரையோ சாராயமோ கூடவே கூடாது, இந்த வகை மருந்தோடு இரண்டில் எது சேர்ந்தாலும் மூச்சை அமுக்கும். தூக்கம் திரும்பும் வரை ஜீப்பை வேறு டிரைவரிடம் கொடுங்கள். பின்னால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆட்களை நம்பி வீடுகள் இருக்கின்றன. ராத்திரி மனசு தவித்தால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

மருந்து எடுப்பவன் மீளாதவன் என்று யார் சொன்னது? குமுளியிலிருந்து இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விடுவீர்களா? கியரில் இறங்குபவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எந்த டிரைவரும் சொல்லமாட்டான். மைக் பிடித்தவர் தெரியாமல் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக உடம்பைத் திருத்தினீர்கள். வாக்கியத்தைத் திருத்தியிருக்க வேண்டும்.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், வருத்தப்படுவீர்கள். ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2018-ல் வெளியிட்ட தடுப்பு நெறிகளின் இரண்டாம் பதிப்பு, மீண்டவர்களைப் பள்ளியில் அனுபவம் பேசவைப்பதைப் பலன் தராத, சில சமயம் கெடுதலும் செய்யக்கூடிய முறைகளோடு வைக்கிறது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. கரைத்து ஏற்றிய கதை, ஏற்கெனவே தொட்டுவிட்ட ஒரு பையனுக்கு ஆசையைத் தூண்டும். தொடாதவனுக்கு, இவர் ஏற்றிவிட்டும் சால்வை வாங்குகிறாரே என்று தோன்றும். சொல்லுகிற உங்களுக்கோ முழங்கை மடிப்பு ஊறுகிறது. இப்போதைக்குப் பள்ளிகளை நிறுத்துங்கள்.

உங்கள் அனுபவத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டாம், சிகிச்சைக்கு வந்த இடத்து பெஞ்சிலேயே இருக்கிறார்கள். மூன்றாவது நாள் ஓடிப்போகலாம் என்று உட்கார்ந்திருப்பவனிடம், மாத்திரை முழுதாகக் கரையும்வரை ஐந்து பத்து நிமிஷம் எச்சில் விழுங்காமல் இருப்பது எப்படி, ராத்திரி கால் குடைச்சலுக்கு என்ன செய்தீர்கள் என்று சொல்ல உங்களைவிட யார் உண்டு? ஆனால் உங்கள் மருந்து நிலைத்து, மருத்துவர் சரி என்ற பிறகு.

செயின் கதையில் நான் உங்கள் மனைவி பக்கம். நீங்கள் விட்டது உங்கள் கதை. தாலிச் செயினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு கடைக்குப் போனது அவருடைய கதை. அவர் கேட்காமல் அதை மேடையில் எடுக்காதீர்கள். ராத்திரி எழுந்து பார்ப்பதைச் சந்தேகம் என்கிறீர்கள். நாலு வருஷம் இதே கொட்டாவியையும் கால் உதறலையும் பார்த்தவர் அவர். உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் மறைக்கிறீர்கள். அண்ணன் வசூலை எண்ணட்டும், நீங்களே நோட்டில் எழுதி நீட்டுங்கள்.

இன்று ராத்திரி மனைவியிடம் மாத்திரை விஷயத்தைச் சொல்லுங்கள். இதையும் சொல்லிவையுங்கள்: உலுக்கியும் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்து இழுத்து வந்து, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலமானால் உடனே 108. மூச்சு வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கூடவே இருக்க வேண்டும், நின்றுபோனால் போனில் அவர்கள் சொல்கிறபடி முதலுதவி செய்ய வேண்டும். கேட்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.