பெயர்ப்பலகையே உரிமம் ஆகுமா?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு வயது 72, 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஊரில் புதிதாக 'ஊட்டச்சத்து நிபுணர்' என்று பலகை மாட்டியிருக்கும் ஒருவர், கவுனி அரிசியும் தாம் விற்கும் சத்துமாவும் போதும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். மூன்று மாத இணையவழிப் படிப்புக்கான சான்றிதழ் அவர் சுவரில் தொங்குகிறது. இந்தத் தொழிலுக்கு அரசின் உரிமம் வேண்டாமா?
— வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: முதலில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்த மருத்துவரின் பொறுப்பு. முறையாகப் படித்த உணவியலாளர் எவரும் அதில் கை வைக்க மாட்டார். கவுனி அரிசியும் அரிசிதான். அதிலும் நம் வீடுகளில் அது சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்ந்தல்லவா இலைக்கு வருகிறது!

மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் சட்டப்படியான பதிவு இருந்தும், உணவியலாளருக்கு நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை. 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வில் தேறியவர்கள் பெயருக்குப் பின் 'ஆர்.டி.' (பதிவு பெற்ற உணவியலாளர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டுக்கொள்கிறார்கள். அது மதிக்கத்தக்க தகுதியே என்றாலும், சங்கம் தருவதேயன்றி அரசு தரும் உரிமம் அன்று. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை, நலப்பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான், உணவியலாளரையும் ஊட்டச்சத்து வல்லுநரையும் தன் அட்டவணையில் சேர்த்து, மாநிலந்தோறும் மன்றம் அமைத்துப் பதிவேடு வைக்க வழிசெய்தது. பிரிட்டனில் பதிவு பெறாதவர் தம்மை 'டயட்டீஷியன்', அதாவது உணவியலாளர், என்று அழைத்துக்கொள்வது குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்', அதாவது ஊட்டச்சத்து நிபுணர், என்ற பெயருக்கு அங்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பலகையில் எழுதியிருக்கும் சொல்லை மட்டும் நம்பக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சத்துமாவுப் பொட்டலத்தில் 14 இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கலாம். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிம எண். நோயாளிக்கு ஆலோசனை சொல்வதற்கான அனுமதி என்று பலர் அதைத் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். நீரிழிவைக் குணமாக்கும் மருந்து என்று எதையும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது.

அப்பத்தாவின் மருத்துவரிடமே, தகுதியுள்ள உணவியலாளர் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவை இரண்டையும் பார்த்து, இடியாப்பம் எத்தனை, கும்மாயம் என்ற உளுந்து இனிப்பு எவ்வளவு பெரிய கிண்ணத்தில், கருப்பட்டி எவ்வளவு என்று கேட்ட பிறகே உணவுப் பட்டியல் எழுதத் தொடங்குபவரிடம் அப்பத்தாவை ஒப்படைக்கலாம்.