இன்ஜினீயரிங் படித்த மகளுக்கு ஆவணம் எழுதும் வேலையா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் கணினி அறிவியலில் பி.இ. முடித்திருக்கிறார். சென்னையில் ஒரு நிறுவனம் டெக்னிக்கல் ரைட்டர் பணிக்கு அழைத்திருக்கிறது. கிளவுட் சர்வர்களை, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளைக் கண்காணிக்கும் கருவி ஒன்றுக்கு, ஏஐ ஏஜென்டுகள் (கருவிகளைத் தாமே இயக்கி வேலை செய்யும் ஏஐ மென்பொருள்கள்) படிப்பதற்கான ஆவணத்தை எழுத வேண்டுமாம். "நான்கு வருடம் படித்தது இதற்குத்தானா? இதையும் ஏஐயே எழுதிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்வி உங்கள் ஆதங்கம். இரண்டாவதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். சர்வர்கள் தங்கள் நிலையை எந்நேரமும் எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். சிபியு என்ற மையச் செயலி எவ்வளவு உழைக்கிறது, எத்தனை கோரிக்கைகள் வந்தன, எத்தனை தோற்றன என்பவைதான் மெட்ரிக்ஸ். இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர் டாஷ்போர்டு என்ற கண்காணிப்புத் திரையில் அவற்றைப் பார்த்து முடிவெடுப்பார். இப்போது அந்தப் பார்வையில் ஒரு பகுதி ஏஜென்டுகளிடம் போகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏஐயைக் கருவிகளோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், தான் செய்யும் வேலையையும், தனக்கு வேண்டிய உள்ளீடுகளையும் எழுத்தில் சொல்லிவிடும். எந்தக் கருவியை எப்போது, எப்படி அழைப்பது என்பதை ஏஜென்ட் அந்த எழுத்தைப் படித்தே தீர்மானிக்கிறது. உங்கள் மகள் எழுதப்போவது அதைத்தான்.

கூகுள் கிளவுடில் சர்வரின் சிபியு பயன்பாடு பின்னமாக வரும், 0.92 என்றால் 92 சதவீதம். அமேசானின் கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவையில் அதே அளவு சதவீதமாகவே வரும், அங்கே 0.92 என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. கூகுள் கிளவுடின் திரையில் வரும் வரைபடம் பின்னத்தைச் சதவீதமாக மாற்றிக் காட்டுவதால், டாஷ்போர்டு பார்ப்பவர் இதைக் கவனிப்பதே இல்லை. ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மூலம் வெறும் எண்ணை வாங்கும் ஏஜென்டுக்கு இந்த வசதி கிடையாது. ஆவணத்தில் "சிபியு பயன்பாட்டைத் தரும்" என்று மட்டும் இருந்தால், மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் சர்வரைச் 'சும்மா கிடக்கிறது, நிறுத்திவிடலாம்' என்று அது கணக்குப் போடக்கூடும்.

இன்னொன்று, நேரம். "காலை 9 மணிக்கு என்ன நடந்தது?" என்று சென்னையில் ஒருவர் கேட்கிறார்; கருவி எதிர்பார்ப்பதோ யுடிசி என்ற உலகப் பொது நேரம், அதாவது அதிகாலை 3.30. அதோடு, கூகுளில் 60 வினாடிக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்த சிபியு அளவு, 240 வினாடி வரை கண்ணில் படாமல் இருக்கலாம். கடைசி இரண்டு நிமிடத்தைக் கேட்ட ஏஜென்டுக்கு வெறுமையான பதில் வந்தால், 'இன்னும் வரவில்லை' என்று அதற்கு யார் சொல்வது? எல்லாவற்றையும் எழுதிக் குவிக்கவும் முடியாது. ஏஜென்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் ஒரே சமயத்தில் படிக்கக்கூடியதற்கு அளவு உண்டு; நீளமான விளக்கம் அந்த இடத்தை அடைத்து மற்றதை மறைக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்குத்தான் அந்த நான்கு வருடப் படிப்பு.

இனி இரண்டாவது கேள்வி. ஆம், ஏஐ எழுதும். நிரலைப் பார்த்து உள்ளீடுகளைப் பட்டியலிடும் ஆவணத்தை இப்போதே நன்றாக எழுதுகிறது; அந்த வேலையை நம்பி யாரும் சேர வேண்டாம். ஆனால் நிரலில் இல்லாததை நிரலிலிருந்து எடுக்க முடியாது. கருவியை இயக்கி, ஏஜென்ட் எங்கே தடுமாறியது என்று பதிவுகளில் பார்த்து, ஒரு வாக்கியத்தைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இது சோதனைப் பொறியாளரின் வேலைக்குப் பக்கத்தில் நிற்பது.

எனவே பணியின் பெயரை விடுங்கள். உள்ளே என்ன தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். கருவியைத் தானே இயக்கிப் பார்க்கக் கணக்கு கிடைக்குமா? ஆவணம் நிரலோடு சேர்ந்து கிட் களஞ்சியத்தில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் இடத்தில்) இருக்குமா? ஏஜென்ட் தவறாக அழைத்த பதிவுகளைப் பார்க்க அனுமதி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேரலாம். தொடக்கச் சம்பளம் நிரல் எழுதுபவரைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து கண்காணிப்புப் பொறியியல் பக்கம் நகர வழி இருக்கிறது. "கோப்பு அனுப்புவோம், இலக்கணம் திருத்தித் தந்தால் போதும்" என்றால் வேண்டாம்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இந்த எழுத்துக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. குறுகிய, நேரான வாக்கியங்கள்தான் தேவை. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களும் நடைக் கையேடும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'ஏஐ டாக்குமென்டேஷன் டிப்ளமா' என்று யாராவது கட்டணம் கேட்டால் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள்.

அந்தப் பணத்துக்குப் பதில் மகளின் மடிக்கணினி போதும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய பிரோமிதியஸ், சர்வர்களைக் கண்காணிக்கும் இலவச மென்பொருள். அதை நிறுவி, அதிலிருந்து எண்களை எடுக்கும் சிறு கருவியைப் பைத்தானில் எழுதட்டும். பிரோமிதியஸில் சிபியு அளவு என்பது, சிபியு இயங்கிய வினாடிகளின் கூட்டுத்தொகை. ஏறிக்கொண்டேதான் போகும், இயந்திரத்தை மறுபடி தொடங்கினால் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இதைச் சொல்லாத விளக்கத்தைக் கொடுத்தால் ஏஜென்ட் 'சுமை கூடுகிறது' என்று பதறுகிறதா, சொன்ன பிறகு மாற்ற வேகத்தைக் கணக்கிடுகிறதா என்று பார்த்து, விளக்கத்தின் இரண்டு வடிவங்களையும், நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் போடட்டும். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். அந்த மூன்று கேள்விகளையும் உங்கள் மகளே மின்னஞ்சலில் கேட்கட்டும். நீங்கள் தொலைபேசியில் பேச வேண்டாம். அப்பா பேசினால் அங்கே வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.