மண்சுவரும் நீர்வண்ணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியர். விடுமுறைகளில் ஊர்ப்புறத்து மண்வீடுகளைப் புகைப்படம் எடுத்துவந்து நீர்வண்ணத்தில் தீட்டுகிறேன். அழிந்துவரும் அழகைப் பதிவுசெய்வதே என் நோக்கம். ஓவியர் நந்தலால் போஸும் கிராமத்து வீடுகளிலிருந்து ஊக்கம் பெற்றவர்தானே? நான் ஆக்ரிலிக் வண்ணத்துக்கு மாறலாமா? மாணவர்களை இதில் எப்படி ஈடுபடுத்துவது? நான்கு படங்களை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்ரிலிக்கா நீர்வண்ணமா என்பதை உங்கள் கைக்காசு தீர்மானிக்கட்டும். நந்தலாலின் பெயரை எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில வாரங்களாக அவர் நினைவாகவே இருக்கிறேன்.

அவர் மண்வீட்டைப் பார்த்து வரைந்ததோடு நின்றவர் அல்லர். 1935-ல் வங்காளத்துச் சாந்திநிகேதனில் தாகூருக்காகச் சியாமளி என்னும் மண்வீடு எழுந்தது. எளிதில் தீப்பற்றும் கூரைக்கு மாற்று ஏழைகளுக்கும் வேண்டும் என்று தாகூர் எண்ணியதால், வீட்டை வடிவமைத்த சுரேந்திரநாத் கர் கூரையையும் மண்ணாலேயே அமைத்தார். வெப்பம் உள்ளே இறங்காதிருக்க மண்குடங்களை வைத்துக் கட்டினார்கள். வெளிச்சுவர்களில் நந்தலாலும் சிற்பி ராம்கிங்கர் பைஜும் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனத்தின் மாணவர்களும் புடைப்புச் சிற்பங்களைச் செய்தார்கள். அங்கேயே மாணவர் விடுதியான கறுப்பு வீட்டின் மண்சுவருக்குத் தார் பூசியதும் மழைக்கு அஞ்சித்தான். அங்கே ஓவிய வகுப்பு என்பது சேற்றில் கைவைப்பதும்தான்.

என் பாட்டியின் வீடும் மண்சுவர் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரின் அடிப்பகுதி கரைந்துவிடும். பொங்கலுக்கு முன் அவர் செம்மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, அந்தப் பள்ளத்தை அப்பி அடைத்து, சாணி மெழுகுவார். பதினான்கு வயதில் அந்த வீட்டை வரைந்து பெருமையோடு காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மழை தின்ன இடம் எங்கடா?" என்று கேட்டார். சுவரை நான் நூல்பிடித்தாற்போல் நேராக வரைந்திருந்தேன்.

உங்கள் நான்கு படங்களிலும் அதே பிழை இருக்கிறது. ஓவிய ஆசிரியருக்கு அது மன்னிக்கத்தக்கதன்று. மழை தின்ற இடம் இல்லை, ஒழுகும் கூரைமேல் விரித்த தார்ப்பாய் இல்லை, சாய்த்துவைத்த ஏணி இல்லை. அழிந்துவரும் அழகு என்கிறீர்கள். ஆண்டுதோறும் முதுகொடிய மண் மிதிப்பவள் காரை வீடு கேட்டால் அதில் என்ன குற்றம்? அவள் உழைப்பைத் துடைத்தெடுத்துவிட்டு எஞ்சியதைத்தான் நீங்கள் அழகு என்கிறீர்கள். இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கோடு நல்ல கோடு என்பதுதான். திண்ணை நிழலில் நீங்கள் இட்டிருக்கும் அந்த நீலத்தை என்னால் இட முடியாது.

மாணவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். மார்கழிக் கடைசியில் அவர்களை ஒரு வீட்டுக்கு அழைத்துச்சென்று, வீட்டுக்காரியின் சொற்படி ஒரு சுவரையாவது பூசச் சொல்லுங்கள். தாளை மறுநாள் கொடுக்கலாம். எத்தனை கூடை மண் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள்.